ஏலாவில் மனை போடுகிறார்கள்: ஊர் எந்த வழியைத் தேர்ந்துகொள்வது?

ஏலாவில், அதாவது ஊர் வயல்வெளியில், செம்மண் லாரி வந்து இறங்கத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலான ஊர்களில் பேச்சே எழுகிறது. ஆட்சியரிடம் மனு கொடுப்போம் என்கிறார் ஒருவர். மதுரைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடுவோம் என்கிறார் இன்னொருவர். வருவது வரட்டும், பேசிப் பத்து சென்ட் இடத்தை ஊருக்கு வாங்கிக்கொள்வோம் என்கிறார் மூன்றாமவர். இந்த வாக்குவாதம் முடிவதற்குள் வயலில் எல்லைக்கல் நட்டாகிவிடுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளையிலிருந்து விளவங்கோடு வரை திரும்பத் திரும்பக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் எந்த நிலைமையில் எந்த வழி பயன் தரும் என்பதைப் பிரித்துப் பார்க்க முடியும்.

வீடு கட்டுவதே கூடாது என்று இந்தக் கட்டுரை வாதாடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 18,70,374 பேர் வாழ்ந்தார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கும் மேல். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் இவ்வளவு மக்கள் என்றால் மனைக்குத் தேவை இருக்கத்தான் செய்யும். கடைமடைக்குச் சானல் தண்ணீர் வந்து சேராமல், நடவுக்கு ஆளும் கிடைக்காமல், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் கைவிட்டுப்போன நிலத்தை விற்கும் விவசாயியைக் குற்றவாளியாக்குவதும் நியாயமாகாது. தண்ணீர் போகும் வழியும், பிள்ளைகள் ஓடி விளையாடும் இடமும், ஊர் பொதுவாகப் புழங்கிய பாதையும் யாரும் கணக்குப் பார்க்காமலே மறைந்துபோவதுதான் தடுக்கப்பட வேண்டியது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நிலத்தின் வகை. ஊரார் ‘திறந்தவெளி’ என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் சட்டத்தின் கண்ணில் மூன்று வகைகள் இருக்கின்றன. குளம், ஓடை, சானல் கரை, வண்டிப்பாதை, களம் போன்ற புறம்போக்கு ஒரு வகை. இதில் ஊரின் கை மிக வலுவானது. தனியாருக்குப் பட்டா உள்ள நன்செய் இரண்டாவது வகை. ஊர் முழுவதும் அந்தப் பசுமையை அனுபவித்திருந்தாலும் உரிமை ஒருவருடையதுதான். அதை வேறு பயனுக்கு மாற்ற அரசின் இசைவு வேண்டும் என்ற அளவில்தான் ஊருக்குப் பிடி இருக்கிறது. மனைப்பிரிவு போடுபவர் விதிப்படி ஒதுக்கித் தர வேண்டிய பொது இடம் மூன்றாவது வகை. இது இன்னும் பிறக்காத இடம் என்பதால் பலர் இதைக் கேட்பதற்கே மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. விண்ணப்பம் மட்டும் போயிருக்கிறதா, நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி வந்துவிட்டதா, சாலையும் பொது இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதப்பட்டுவிட்டனவா, மனைகள் விற்றுப்போய் வீடு எழும்பிவிட்டதா என்பதைப் பொறுத்து அதே மனுவின் வலு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். மூன்றாவது, செலவும் காலமும். நான்காவது, ஊருக்குள் ஏற்படும் மனக்கசப்பு. நிலத்தை விற்றவரும் வாங்கியவரும் எதிர்ப்பவரும் பெரும்பாலும் ஒரே கோயிலுக்கோ ஒரே கிறிஸ்தவப் பங்குக்கோ வரிகொடுக்கும் குடும்பத்தார் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. ஐந்தாவது, வென்றெடுத்ததை அடுத்த பத்து ஆண்டுகள் யார் காப்பது என்பது.

## எந்த வழியானாலும் முதலில் காகிதம்

புல எண் (சர்வே எண்) தெரியாமல் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஒவ்வொரு புல எண்ணின் நில வகையைச் சொல்லும் அ-பதிவேட்டின் விவரத்தையும், அதன் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் அரசின் இணைய சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்ததால் பழைய ஆதாரங்களில் ஒரு சர்வே எண்ணும் இன்றைய பதிவில் வேறொரு மறுசர்வே எண்ணும் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் கொடுத்த மனு, ‘அப்படியொரு ஓடை இல்லை’ என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்துபோகும்.

புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கி நடந்து பாருங்கள். படத்தில் தனி உட்பிரிவு எண்ணோடு, மீட்டர் கணக்கில் அகலம் குறித்த ஓர் ஓடை இருக்கும். தரையிலோ அது கோரை மண்டிய, முழங்கால் ஆழமுள்ள ஒரு பள்ளமாக மட்டுமே தெரியும். இரண்டு பக்க வரப்புக்காரர்களும் ஆண்டுக்கு ஒரு மண்வெட்டி வீதம் உள்ளே வந்திருப்பார்கள். மண் கொட்டி நிரவிவிட்டால் அந்தப் பள்ளம் ஒரே வாரத்தில் அடையாளம் இல்லாமல் போய்விடும். அதனால் மேல்மடை, கீழ்மடை, ஓடை சாலையைக் கடக்கும் ஓடுபாலம் ஆகிய மூன்றையும் தேதியோடு படம் எடுத்து வைப்பது முதல் வேலை. ஐப்பசி மழையில் தண்ணீர் ஓடும்போது எடுத்த படம் கிடைத்தால் அதற்கு ஈடான சான்று வேறில்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்ப நகலையும் வரைபடத்தையும் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், பதில் வரட்டும் என்று மற்ற வேலைகளை நிறுத்திவைக்கக் கூடாது.

## வழி ஒன்று: மனுவும் கிராம சபைத் தீர்மானமும்

செலவு மிகக் குறைந்த வழி இதுதான். திங்கட்கிழமைகளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு எண் தருவார்கள். அந்த மனு வட்டாட்சியருக்கும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், கடைசியில் கிராம நிர்வாக அலுவலருக்கும் இறங்கிவரும். ஆகவே மனுவில் ‘எங்கள் வயலைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதுவதைவிட, ‘இன்ன புல எண்ணில் உள்ள ஓடைப் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டும், அதுவரை அதில் மண் கொட்டுவதைத் தடுக்க வேண்டும்’ என்று செய்யக்கூடிய வேலையைக் கேட்பது நல்லது. சானல், மடை, மறுகால் சம்பந்தப்பட்ட பிரச்சினையானால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளே பொருத்தமான இடம். நீர்வளத்துறைப் பொறியாளர்கள் அங்கே நேரில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கொட்டப்படும் மண்ணுக்குக் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு (மண் ஏற்றிச்செல்லும் அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்பதையும் அதே மனுவில் கேட்கலாம். வேலையைச் சில நாள் நிறுத்திவைப்பதற்கு இதைவிட விரைவான கேள்வி வேறு கிடையாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதன் தீர்மானம் மட்டுமே ஒரு மனைப்பிரிவை நிறுத்திவிடாது. இதைத் தெரியாமல் கூட்டத்தோடு போய்க் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போன ஊர்கள் பிறகு ஏமாந்து நின்றிருக்கின்றன. ஆனால் பிற்பாடு எந்த அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் ‘இது ஓரிருவரின் சொந்தப் பகை’ என்ற வாதத்தை அடைக்கப் பதிவேட்டில் ஏறிய தீர்மானமே போதும். நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் உள்ள மாவட்டம் இது. பார்வைக்குக் கிராமமாகத் தோன்றும் இடங்களில் பல உண்மையில் பேரூராட்சிகள். அங்கே கிராம சபை இல்லை. வார்டு உறுப்பினர் வழியாகப் பேரூராட்சி மன்றத்தில் பொருள் வைக்கச் செய்வதும், வார்டுக்குள் கூடும் பகுதி சபையில் பதிவு செய்வதுமே அங்குள்ளவர்களுக்கு வழி.

## வழி இரண்டு: அனுமதி தரும் இடத்தில் ஆட்சேபணை

என் மதிப்பீட்டில் இதுதான் மிக அதிகப் பலன் தரும், மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் வழி. சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் போட்ட தடைக்குப் பிறகு, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்கீழ் அங்கீகாரம் இல்லாத புதிய மனையைப் பத்திரப்பதிவு செய்வது தடுக்கப்பட்டது. ஆகவே இன்று மனை போடுபவர் நகர் ஊரமைப்புத் துறையின் கையெழுத்தை நம்பித்தான் இருக்கிறார். அந்தக் கையெழுத்து விழுவதற்கு முன்னால் போய்ச்சேரும் ஒரு பக்கக் கடிதம், விழுந்த பிறகு நடத்தும் சாலை மறியலைவிட வலுவானது.

முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதிகளில் விவசாய நிலத்தை மாற்றுவதற்கு 2017-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. நன்செய்யானால் மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். ‘பல ஆண்டுகளாகத் தரிசு, பாசன வசதி இல்லை’ என்றுதான் விண்ணப்பத்தில் எழுதியிருப்பார்கள். பக்கத்து வயலில் கடந்த கும்பப்பூவில் அறுவடை நடந்ததற்கான சான்றும், அந்தப் பகுதிக்குத் தண்ணீர் தரும் சானல் கிளையின் பெயரும் ஆட்சேபணையில் இருந்தால், அந்த வாசகத்தை அலுவலர் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. மலையடிவாரத்துக் கிராமங்கள் பலவற்றில் மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவும் தேவைப்படும். சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஆகிய இரண்டு ஈரநிலங்களும் 2022-இல் ராம்சார் தலங்களாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளின்படி, கடந்த பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது. அவற்றின் கரையோரத்து ஊர்களுக்கு இது பெரிய பிடி.

இனி ஒதுக்கப்பட வேண்டிய பொது இடத்தின் கணக்கு. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுக்கு ஒதுக்கீடு இல்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை நீங்கிய பரப்பில் பத்து விழுக்காடு இடம் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். 10,000-க்கு மேல் போனால் பணம் செல்லாது. இடமாகவே தர வேண்டும். நம் கணக்கில் 3,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 74 சென்ட். 10,000 என்பது 2 ஏக்கர் 47 சென்ட்.

மூன்று ஏக்கர் வயலை எடுத்துக்கொள்வோம். சாலைக்கு 75 சென்ட் போனால் மீதி 225 சென்ட். ஊருக்கு வர வேண்டியது இருபத்திரண்டரை சென்ட். அதே வயலை அறுபது அறுபது சென்டாக ஐந்து பெயர்களில் ஐந்து விண்ணப்பமாகப் போட்டுவிட்டால் ஒரு சென்ட்கூட வராது. அடுத்தடுத்த புல எண்களில், ஒரே சாலையை இணைத்து, சில மாத இடைவெளியில் வரும் சிறு விண்ணப்பங்களைப் பார்த்தால் உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். இவை அனைத்தும் ஒரே மனைப்பிரிவு என்று வரைபடத்தோடு காட்டுங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு கண்காணிப்பு. விண்ணப்பம் எப்போது போகிறது என்று யாரும் உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லப்போவதில்லை. ஊராட்சி அலுவலகத்துக்கும் நாகர்கோவிலிலுள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் மாதம் ஒருமுறையாவது போய்வரக்கூடிய, படம் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் ஊரில் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற நில அளவையரோ ஆசிரியரோ கிடைத்தால் அந்த ஊர் அதிர்ஷ்டம் செய்தது.

## வழி மூன்று: பேசி, எழுத்தில் வாங்குவது

சரணடைவது போலத் தோன்றினாலும், பட்டா நிலத்தில் புறம்போக்கு எதுவும் கலக்காத நிலையில் மிகுதியாகக் கிடைப்பது இந்த வழியில்தான். மனை போடுபவருக்கு வேண்டியது கால தாமதமில்லாமை; ஊருக்கு வேண்டியது இடமும் தண்ணீர் வழியும். இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பேச இடமிருக்கிறது.

எவ்வளவு சென்ட் என்பதைவிட எந்த இடத்தில் என்பதே முக்கியமான பேரம். விதிப்படி தரும் பத்து விழுக்காடு பல மனைப்பிரிவுகளில் மனையாக விற்க முடியாத முக்கோண மூலையிலோ, மின்கம்பிக்கு அடியிலோ, மழையில் தேங்கும் பள்ளத்திலோ வந்து விழுகிறது. அதைச் சதுரமாகவும், சாலையைப் பார்த்தும், பழைய ஊர்க்காரர்களும் நடந்து வரும் பக்கத்திலும் கேளுங்கள். ஓடையை ஒட்டிக் கேட்டால் இரட்டை லாபம்: ஓடைக் கரையில் மதில் எழும்பாது, வெள்ளம் பரவவும் இடம் இருக்கும். அடுத்தது ஓடுபாலம். புதிய சாலைக்குக் குறுக்கே ஒற்றைக் குழாயைப் புதைத்துவிட்டு மேலே தார் போட்டுவிடுவார்கள். 2021 நவம்பரில் மாவட்டம் முழுவதும் சானல்கள் உடைத்துக்கொண்டு தெருக்களில் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழாய் போதாது என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஓடுபாலத்தின் அகலத்துக்குக் குறையாத கான்கிரீட் பெட்டிப்பாலம் வேண்டும் என்று வரைபடத்திலேயே குறிக்கச் செய்யுங்கள். நிரப்பும் மண்ணின் உயரத்தையும் பேச வேண்டும்; புதிய மனை நான்கடி உயர்ந்தால் பழைய வீடுகளின் முற்றம் குளமாகும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு நம்பிக்கை. பேசப்போன நான்கு பேருக்கு ஒரு மனை எழுதிக்கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு, உண்மையோ பொய்யோ, எந்த ஊரிலும் எழாமல் இருப்பதில்லை. ஆகவே பேச்சு ஊர்க்கூட்டத்தில் நடக்க வேண்டும், அதன் குறிப்பு எழுதிக் கையெழுத்தாக வேண்டும். கொடைவிழாவுக்கும் திருவிழாவுக்கும் நன்கொடை வாங்கிக்கொண்டு ஓடையை விட்டுக்கொடுப்பதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது. பந்தல் மூன்று நாளில் பிரிக்கப்படும், தண்ணீர் ஆண்டுதோறும் வரும். இன்னொன்று, வெள்ளைத்தாளில் எழுதிய உறுதிமொழி மனைகள் விற்றுத் தீர்ந்த மறுநாள் செல்லாக்காசு. பேசி முடித்தது ஒவ்வொன்றும் அனுமதி வரைபடத்திலோ, அனுமதியின் நிபந்தனையிலோ, தானப் பத்திரத்திலோ ஏறியிருக்க வேண்டும்.

## வழி நான்கு: நீதிமன்றமும் தீர்ப்பாயமும்

மூன்று வாசல்கள் உண்டு, ஒவ்வொன்றும் வேறு நோய்க்கு மருந்து. புறம்போக்கு ஆக்கிரமிப்பு, அனுமதியில் விதிமீறல் ஆகியவற்றுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நீர்நிலை, ஈரநிலம் போன்ற சூழல் சட்டப் பிரச்சினைகளுக்குச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். மனைப்பிரிவில் பொது இடம் ஒதுக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வராது; நகர் ஊரமைப்புச் சட்டம் அதன் பட்டியலில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் தடையின்றி நடந்துவந்த பாதை, தண்ணீர் வடிந்த வழி ஆகியவற்றின் அனுபவ உரிமைக்கு உள்ளூர் உரிமையியல் நீதிமன்றமே சரியான இடம்.

நீர்நிலை விஷயத்தில் தீர்ப்புகள் ஊரின் பக்கமே நிற்கின்றன. 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும், 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் குளங்களையும் ஊர்ப் பொது நிலங்களையும் தனியாருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு பயனுக்கு மாற்ற முடியாது என்பது 1991-இல் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் வந்த தீர்ப்பு.

ஆனாலும் ஊரார் எண்ணுவது போல வழக்குப் போட்ட மறுநாள் வேலை நின்றுவிடுவதில்லை. பல ரிட் மனுக்கள் ‘மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்’ என்ற உத்தரவோடு முடிந்து, காகிதம் அதே வட்டாட்சியரின் மேசைக்குத் திரும்பிவிடும். முதல் மனுவைச் சரியாக எழுதாத ஊருக்கு அந்த உத்தரவால் பயன் குறைவு. வழக்கறிஞர் கட்டணமும், ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தூரத்துக்கு அலைச்சலும் போக, மனுதாரராகப் பெயர் கொடுத்தவர் தாங்கும் நெருக்குதல் ஒன்று இருக்கிறது. அதை ஊர் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. ஒருவர் பெயரில் போடாமல், சங்கத்தின் பெயரிலோ ஏழெட்டுப் பேர் சேர்ந்தோ போவதே நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | பொருத்தமான கட்டம் | பணச் செலவு | நிறுத்தும் வலு | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| மனு, கிராம சபை | எந்தக் கட்டமும் | மிகக் குறைவு | தனியாக நின்றால் குறைவு | நம்பிக் காத்திருந்து இழக்கும் மாதங்கள் |
| அனுமதி அலுவலகத்தில் ஆட்சேபணை | தொழில்நுட்ப அனுமதிக்கு முன் | குறைவு | அதிகம் | தொடர் கண்காணிப்பு |
| பேசி எழுதி வாங்குவது | வரைபடம் இறுதியாகும் முன் | குறைவு | நிறுத்தாது. திருத்தும் | ஊருக்குள் சந்தேகம் |
| நீதிமன்றம், தீர்ப்பாயம் | புறம்போக்கில் கை வைத்தவுடன் | அதிகம் | புறம்போக்கானால் அதிகம், பட்டாவானால் குறைவு | ஆண்டுகள், மனுதாரர் மீதான நெருக்குதல் |

## எந்த ஊருக்கு எது

ரப்பர் தோட்டத்தையோ தென்னந்தோப்பையோ வெட்டிப் போடும் மனை, ஓடை குறுக்கிடவில்லை, பாதை அடைபடவில்லை என்றால், வழக்கை நினைக்கவே வேண்டாம். அங்கே ஊரின் உரிமை பத்து விழுக்காட்டு இடத்திலும் மழைநீர் வடிகாலிலும்தான் இருக்கிறது. மூன்றாவது வழியை எடுத்து, நல்ல இடமாக வாங்குங்கள். நன்செய் மாற்றத்துக்கு விண்ணப்பம் மட்டும் போயிருக்கும் ஊரில் இரண்டாவது வழியை முதலில் எடுத்து, அதற்குத் துணையாகத் தீர்மானம் போடுங்கள். ஓடையிலோ குளத்தின் நீர்ப்பிடிப்பிலோ மண் விழுந்துவிட்ட ஊருக்குப் பேச்சுவார்த்தை ஆபத்தானது. பேசிக்கொண்டிருக்கும் நாளெல்லாம் மண் ஏறிக்கொண்டிருக்கும், ஆறு மாதக் காலக்கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். அளவீடு கேட்டு மனு கொடுத்த கையோடு வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

வீடுகள் எழும்பிவிட்ட மனைப்பிரிவின் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. அனுமதி வரைபடத்தின் நகலை வாங்கி, அதில் பொது உபயோகத்துக்கு என்று குறித்த இடம் எது என்று பாருங்கள். அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், தானப் பத்திரம் உள்ளாட்சியின் பெயருக்குப் பதிவாகியிருக்கிறதா, அல்லது பதிவான பிறகும் யாராவது அந்த இடத்தை மனையாக விற்றிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். பதிவாகியிருந்தால், அந்த இடத்துக்குக் கம்பிவேலியும் பெயர்ப்பலகையும் வைக்கச் சொல்லிப் பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுதுங்கள். பதிவாகாமலோ, பதிவான பிறகோ விற்கப்பட்டிருந்தால், வரைபட நகலையும் வில்லங்கச் சான்றையும் இணைத்து நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் சார்பதிவாளருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டைகளைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.